நோட்டின் மறுபக்கம்: பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை லைனில் ஒரு நிகழ்வு ஆய்வு

என் முன்னால் ஒரு 80 பக்க நோட்டு இருக்கிறது. மழையில் நனைந்து காய்ந்த அட்டை, முனையெல்லாம் சுருண்டிருக்கிறது. முன்பக்கமாகத் திறந்தால் ஓர் இழவு வீட்டுக்கு வந்த பணமும் பொருளும் வரிசையாக எழுதியிருக்கும். 'ஜீப் மாமா – 200. கடைசி வீட்டுப் பெரியம்மா – 50, அரிசி 2 கிலோ. குழாயடி சித்தி – 100, தேங்காய் 2.' இப்படி 41 வரி. அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தால் பிள்ளைகளின் வருகைப் பதிவு. பெயர், வகுப்பு, அன்றைக்கு என்ன படித்தார்கள், யார் அழுதார்கள், யாருக்குக் காய்ச்சல். இரண்டையும் எழுதியது ஒரே கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி என் பழைய மாணவி. 2021 மே மாதம் அவள் அப்பா இறந்தபோது அவளுக்கு 18 வயது, கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு. நான் அவள் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆசிரியை. அடுத்த ஒன்றரை ஆண்டில் அவள் படிப்பு நின்றுபோகாமல் எது காப்பாற்றியது, எது கிட்டத்தட்டக் கெடுத்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். முதல் படியை வாசித்துவிட்டு இரண்டு இடத்தில் "இது இப்படி இல்ல டீச்சர்" என்று திருத்தியும் கொடுத்தாள். பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

லைன்

கூடலூரிலிருந்து தேவாலா வழியாகப் பந்தலூர் போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை மழைதான். மேட்டில் தேயிலை, சரிவில் காபியும் மிளகும், நடுநடுவே காடு, காட்டுக்குள் யானை. ஊட்டியை மட்டும் பார்த்துவிட்டு நீலகிரியைப் பார்த்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் வேறு மாவட்டம் போலத் தோன்றும்.

இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களில் பல, இலங்கையிலிருந்து வந்தவை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து மலைக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர். மாணவியின் அப்பாயியும் அப்படி வந்தவர். அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லாரும் சொல்வார்கள்: "அங்க லயத்துல ஒரு வீட்ல சாவுன்னா பன்னெண்டு வீட்லயும் அடுப்பு எரியாது."

லைன் வீட்டில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இருமினால் கேட்கும், அழுதால் கேட்கும், சண்டை போட்டால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். இந்தச் சுவரைப் பற்றிக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். தம்பி எட்டாம் வகுப்பு. வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன், அதுவும் அப்பாவிடம்.

2021 மே

அந்த மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 10ஆம் தேதி முழு ஊரடங்கு. கொங்குப் பக்கம் தொற்று ஏறிக்கொண்டே போனது. கம்பெனி மூடியதும் அப்பா ஊருக்கு வந்தார், வந்த மூன்றாம் நாள் காய்ச்சல், ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் மூச்சு நின்றது. உடல் வீட்டுக்கு வரவில்லை. கவச உடை போட்ட இளைஞர்கள் நான்கு பேர் தோட்டத்துச் சுடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அம்மாவும் பிள்ளைகளும் தனிமைப்படுத்தப்பட்டு வீட்டுக்குள். லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது, பக்கத்தில் வர யாருக்கும் அனுமதி இல்லை.

வழக்கமாக இழவு வீட்டில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வருகிற பணத்தை நோட்டில் எழுதுவார். பின்னால் அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடந்தால் பார்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? இந்த முறை உட்கார ஆள் இல்லை. குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தார்கள். அவரவர் பணத்தைத் துண்டுக் காகிதத்தில் சுற்றி, மேலே பெயர் எழுதிப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் அடையாளமாக ஏதாவது வைத்தார்கள். ஒரு காகிதத்தில் வெறும் கோலப் புள்ளி மட்டும் இருந்ததாம். அது யார் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும்.

எட்டாம் நாள் அந்தக் காகிதங்களை எல்லாம் பிரித்து வைத்துக்கொண்டு நோட்டு போட்டவள் மகள்தான். தன் அப்பாவின் இழவுக் கணக்கைத் தானே எழுதினாள். கூட்டல் தப்பாமல் இருக்க மூன்று தடவை போட்டதாகச் சொன்னாள். அந்தப் பக்கங்களில் ஓர் எழுத்துகூடக் கோணலாக இல்லை. பள்ளியில் படிக்கும்போது அவள் கையெழுத்து இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஊரடங்கில் சிறு தளர்வு வந்ததும் நான் போனேன். பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், மாத்திரைகள். சக ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்தது. அவள் வாங்கிக்கொண்டாள், "சரிங்க டீச்சர்" என்றாள், முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. "படிப்ப விட்டுடாதம்மா" என்றேன். அதற்கும் "சரிங்க டீச்சர்". அப்பா போனிலிருந்த கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் 200க்கு மேல் செய்திகள் படிக்கப்படாமல் இருந்தன என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"சும்மாதானே உக்காந்திருக்க"

அப்பா இறந்த பதினாறாம் நாள் கழிந்து அம்மா வேலைக்குப் போனார். போகாமல் இருக்க முடியாது. வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. அவள் வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். அன்று காலை குழாயடி சித்தி, மேஸ்திரி பேர் கூப்பிடும் நேரத்துக்கு ஓடிக்கொண்டே, தன் மகனை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏ புள்ள, சும்மாதானே உக்காந்திருக்க. இவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு. ஏழுக்கு மேல ஒண்ணும் தெரியல இவனுக்கு."

இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். நான் திருத்திக்கொண்ட முதல் விஷயம் இதுதான். பல மாதம் கழித்து அவளிடம் கேட்டேன், எப்போது கொஞ்சம் தெளிந்தாய் என்று. யோசிக்காமல் சொன்னாள்: "எல்லாரும் சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னுதான் கேட்டாங்க டீச்சர். சித்திதான் முதல்ல ஒரு வேல சொன்னாங்க."

அந்தப் பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. வகுப்பு என்பது பெயருக்குத்தான். ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 19 மாதம். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, உண்மைதான். ஆனால் இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் பகல் முழுக்க நிற்பதே அபூர்வம். ஆண்ட்ராய்டு போன் இருந்த வீட்டிலும் சிக்னல் பிடிக்க 7ஆம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். மூன்றாம் வகுப்பில் விட்ட பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது 'க' வரிசையை மறந்திருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அம்மாவோடு மிளகு பொறுக்கப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு பையன் ஆறு பேரானான். ஆறு பேர் பத்தொன்பது பேரானார்கள். முதலில் அவள் வீட்டு வாசல், அப்புறம் மழைக்குப் பயந்து பழைய பிள்ளைக் காப்பகக் கட்டடம். தோட்டத்து எழுத்தரிடம் கேட்டுச் சாவி வாங்கிக் கொடுத்தவர் ஜீப் மாமா. நோட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தது அப்போதுதான். வேறு நோட்டு வாங்கக் காசில்லை, கடையும் திறக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை என்கிறாள், நான் நம்புகிறேன்.

அருகில் உள்ள பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தும் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு ஒரு பாட்டியும் வந்து பின்னால் உட்காருவார், வகுப்பு முடியும்வரை வெற்றிலை மென்றுகொண்டு. பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. பாட்டி எண்களைப் பணிய மொழியில் சொல்ல, அவள் அதைத் திருப்பிச் சொல்லித் தப்பு விட, பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கு அப்புறம் பேச்சு வந்துவிட்டது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பிள்ளைகள் முன் நிற்பது எப்படி என்று எனக்கு அங்கே யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த ஜூன் கடைசியில், மாவட்டத்தில் 18 வயது நிரம்பிய பழங்குடியினருக்கு முதல் தவணைத் தடுப்பூசி போட்டு முடித்துவிட்டதாக நீலகிரி நிர்வாகம் அறிவித்தது. லைனிலும் முகாம் நடந்தது. பயந்து தோட்டத்துக்குள் ஒளிந்தவர்கள் இருந்தார்கள். மேஜையில் உட்கார்ந்து ஆதார் எண் எழுதிக்கொடுத்தவள் இவள்தான். "அப்பாவுக்கு ஒரு மாசம் முந்தி வந்திருந்தா" என்று யாரோ ஒருவர் சொன்னதும் எழுந்து போய், முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாளாம்.

ஐந்து மணி

2021 அக்டோபர் 27 அன்று, ஊரடங்கில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே வகுப்பெடுக்கும் அரசுத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. முதலில் எடுத்த 12 மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. மாலை 5 முதல் 7 மணி வரைக்குள், ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். நான்தான் அவளை விண்ணப்பிக்கச் சொன்னேன். ஏற்கெனவே செய்கிற வேலை, அதற்கு ஒரு பெயரும் கொஞ்சம் பணமும் வருகிறது, நல்லதுதானே?

பந்தலூர்ப் பக்கம் மாலை ஐந்து மணி என்பது யானை இறங்கும் நேரம். பலாப்பழக் காலமென்றால் நாலரைக்கே வந்துவிடும். அரிசி வாசனைக்கும் உப்புக்கும் லைன் வீட்டுச் சமையலறைச் சுவரை இடித்துத் துதிக்கையை நீட்டும். பிள்ளைகளை ஏழு மணிக்கு இருட்டில் அனுப்ப முடியாது. நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் என்று மாற்றினோம். லைன் இளைஞர்கள் மூன்று பேர் டார்ச்சும் பட்டாசும் வைத்துக்கொண்டு பணியர் குடியிருப்புப் பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். மேட்டில் சத்தம் கேட்டால் வகுப்பு அன்றைக்கு இல்லை. நோட்டில் பல நாட்களுக்கு எதிரே ஒரே சொல்தான் இருக்கிறது: 'யானை.'

நாங்கள் தவறிய இடம்

இதை நான் கூடுதல் இடம் கொடுத்து எழுதுகிறேன். நல்ல கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் திறந்திருந்தன. அவள் இப்போது இரண்டாம் ஆண்டு. காலை ஆறு ஐம்பது பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மதிய வகுப்பு முழுக்க இருந்தால் வீடு வர ஐந்தரை ஆகும். அப்படியென்றால் நாலரை வகுப்பை யார் எடுத்தது? அவள்தான். எப்படி என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மதியம் ஒரு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். பிறகு வெள்ளிக்கிழமை போவதை விட்டாள். அப்புறம் திங்கட்கிழமையும்.

பிள்ளைகள் 31 பேர் ஆகியிருந்தார்கள். திட்டம் சொன்னது 20. கூடுதலாக வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. கூட்டத்தில் அவளைப் பாராட்டிப் பேசினோம். கைதட்டினோம். அம்மா மட்டும் ஒருநாள் என்னிடம் நேராகச் சொன்னார்: "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறா டீச்சர். தம்பி பக்கத்துல உக்கார நேரமில்ல. என்கிட்ட ரெண்டு வார்த்த பேச நேரமில்ல." அதைத் தாயின் ஆதங்கம் என்று எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கை என்று எடுத்திருக்க வேண்டும்.

டிசம்பரில்தான் தெரிந்தது. பருவத் தேர்வுக் கட்டணம் கட்டவில்லை, கடைசித் தேதி போய்விட்டது. அகத்தேர்வு இரண்டு எழுதவில்லை. வருகை குறைவு என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்து, அதை அவள் மடித்து அதே நோட்டுக்குள் வைத்திருந்தாள். கண்டுபிடித்தது தம்பி. அவன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது அம்மாவிடம் அல்ல, குழாயடி சித்தியிடம்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "வகுப்புல இருக்கும்போது மட்டுந்தான் அப்பா ஞாபகம் வரல. காலேஜ் பஸ்ல உக்காந்தா வந்துடும். அதான் பஸ்ஸ விட்டுட்டேன்."

எங்கள் எல்லார் கண்ணுக்கும் அவள் தேறிவிட்டவளாகத் தெரிந்தாள். பிள்ளைகள் நடுவே சுறுசுறுப்பாக இருந்தாள் அல்லவா? அந்தச் சுறுசுறுப்புக்குப் பின்னால் அவள் ஒளிந்திருந்தாள். பிறருக்கு உதவுவது துக்கத்துக்கு மருந்து என்று சொல்கிறார்கள். ஆறு பிள்ளைகள் இருந்தபோது மருந்தாகத்தான் இருந்தது. முப்பத்தொன்றானபோது அது அவள் தலைமேல் ஏற்றிய சுமையாகிவிட்டது, ஏற்றியதில் என் கையும் இருந்தது.

சித்தி அன்று சாயங்காலமே பெண்களைக் கூட்டினார், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில். நானும் போயிருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் பேசவில்லை. இந்தப் பெண்களுக்கு முறை வைத்து வேலை பிரிப்பது புதிதல்ல, குழாய்த் தண்ணீருக்கு முறை, கோயில் பொங்கலுக்கு முறை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டிலிருந்த இன்னொரு பெண்ணை இரண்டாவது தன்னார்வலராகச் சேர்ப்பது. பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பது. என் மாணவிக்கு வாரத்தில் மூன்று நாள்தான், தேர்வு மாதத்தில் அதுவும் இல்லை. வகுப்பு நேரத்தில் ஒரு அம்மா கட்டாயம் கூட இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் சரி. சுண்டல் வேக வைப்பது ஆளுக்கொரு நாள். கல்லூரி விஷயத்தைப் பேச என்னையும் ஜீப் மாமாவையும் அனுப்புவது.

கட்டணத்தையும் தண்டத்தொகையையும் மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்தார்கள். "சும்மா வெச்சுக்கம்மா" என்று ஒருவர் சொன்னதும் அவள் தலையாட்டி மறுத்தாள். கடனாக எழுதச் சொன்னாள். மாதம் 100 ரூபாய். சித்தி உடனே, "எழுதுங்க, கடன்னே எழுதுங்க" என்றார். அந்தக் கொட்டகையில் அவள் மானத்தைக் காப்பாற்றிய சொல் அது என்று எனக்குப் பட்டது. ஊரடங்குத் தளர்வில் நான் கொண்டுபோன அரிசியை அவள் ஏன் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கினாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த அரிசி நோட்டில் இல்லை. நான் லைன்காரி இல்லை, எனக்குத் திருப்பிச் செய்ய அவளுக்கு வழியில்லை.

கல்லூரியில் பேச்சு எளிதாக முடியவில்லை, நாலு தடவை போனோம். கடைசியில் ஒரு பேராசிரியை, அவரும் அந்த ஆண்டு தம்பியை இழந்தவர், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

பிப்ரவரி

2022 ஜனவரியில் ஒமைக்ரான். கல்லூரிகள் மறுபடி மூடின. பருவத் தேர்வுகளைப் பிப்ரவரியில் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று வந்தது. வினாத்தாள் போனுக்கு வரும். வெள்ளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, குறித்த நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். பிறகு தாள்களைத் தபாலில் அனுப்ப வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் பிள்ளைக்கு இது சலுகை. சிக்னல் இல்லாத லைனில் இருக்கும் பிள்ளைக்குத் தேர்வைவிடப் பெரிய தேர்வு.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு பலகை போட்டார்கள். தலைக்கு மேல் தார்ப்பாய். வெவ்வேறு கம்பெனி சிம் போட்ட மூன்று போன்களைப் பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கி வைத்தார்கள், எதில் கோடு ஏறுகிறதோ அதில் வேலை. அன்றைக்கு 7ஆம் நம்பர் காட்டில் பறிக்கிற பெண்கள் கீழே சத்தம் குறைத்துப் பேசிக்கொண்டார்களாம். அப்படி யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே.

மூன்றாவது தேர்வு அன்று நானும் மேட்டில் இருந்தேன். கணிதத் தாள், 22 பக்கம். எழுதி முடித்துப் படம் எடுக்கும்போது காற்று. ஒரு தாளும் தட்டையாக நிற்கவில்லை. நாலு பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் கையை எடு, அடுத்த பக்கம், பிடி, எடு. முதல் சில பக்கத்தில் ஒருத்தியின் விரல் நடுங்கி எழுத்து மறைந்தது, திரும்ப எடுத்தோம். 22 பக்கத்தின் நாலு மூலையிலும் மண் ஒட்டிய சின்ன விரல் நகங்கள். அதைத் திருத்தியவர் அந்த விரல்களைப் பார்த்திருப்பார்.

படம் எடுத்தாயிற்று, மூன்று போனிலும் கோடு இல்லை. எங்கோ மின்சாரம் போய் டவர் நின்றிருந்தது. ஜீப் மாமா கீழே தயாராக நின்றார். பந்தலூர் பக்கமாக வண்டியை விட்டு, சிக்னல் கிடைத்த ஒரு வளைவில் ஓரம் கட்டினார். கடைசிப் பக்கம் ஏறியபோது ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. அவள் அழுதாள். அப்பா இறந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விடமுடியாது. கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்பதை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்பாவின் சான்றிதழில் கொரோனா என்று இல்லை. சளிப் பரிசோதனை நெகட்டிவ், ஸ்கேனில்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களும் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அந்த விதி இருக்கிறது என்று லைனில் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சங்கத் தாத்தா. வட்ட சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் ஒருவர் மனு எழுதினார். ஸ்கேன் அறிக்கை, சேர்க்கைச் சீட்டு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் அம்மா ஒரு சேலை அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார், ஒன்றுகூடத் தொலையவில்லை. பல மாதம் அலைந்து பணம் வந்தது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்ததால் வந்தது. எத்தனை லைன்களில் அப்படி ஒரு தாத்தா இருந்திருப்பார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது

சித்தி கேட்டது சின்ன வேலை, ஒரு பையன், ஒரு வாய்ப்பாடு. கேட்டவர் சரிசமமானவர், அவரும் அதே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அதனால் அது கட்டளையாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை. நான் அதே வேலையைத் திட்டமாக்கி, பெயர் கொடுத்து, பெரிதாக்கியபோது அளவு தவறியது. துன்பத்தில் இருக்கும் மாணவரைத் தன்னார்வலராகச் சேர்க்கிறவர்கள் முதல் நாளே அவர் கல்லூரிக் கால அட்டவணையை வாங்கிப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை 'எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்' என்று கேட்பதற்கு முன் 'நீ எத்தனை நாள் கல்லூரி போனாய்' என்று கேட்க வேண்டும். இந்த இரண்டையும் நான் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்.

எல்லா ஊரிலும் இது இப்படி நடக்குமா என்றால், நடக்காது. அந்தச் சுவர் வேண்டும். தோட்டத்துக்கு ஒரு வீடாகத் தள்ளித்தள்ளி இருக்கும் ஊரில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோதான் அந்தச் சுவராக இருக்க வேண்டும். அதற்கு அரிசி மூட்டையோடு ஒருமுறை போனால் போதாது. கையில் ஒன்றுமில்லாமல் நாலு முறை போக வேண்டும். வாங்கியதைத் திருப்பிச் செய்ய ஒரு வழியும் விட்டுவைக்க வேண்டும். அப்பாவின் நோட்டில் இருந்த 41 வீடுகளில் 23 வீட்டுப் பிள்ளைகள் மறுபக்கத்து வருகைப் பதிவில் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தது நான்தான், அவள் எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை.

2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் வந்ததும் மாதம் 1000 ரூபாய் அதிலும் கிடைத்தது, குழுக் கடன் அடைந்தது. ஒரு பாடத்தில் அரியர் விழுந்து, அதையும் எழுதி, 2023இல் பட்டம் முடித்தாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ராத்திரி யானை குழாயடி சித்தியின் சமையலறைச் சுவரை இடித்தது. ரேஷன் அரிசி மூட்டையை இழுத்துப் போட்டு, தகரக் கூரையும் சரிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. காலையில் நான் போனபோது அவள் குழாயடியில் ஒரு ஸ்டூல் போட்டுப் புது நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதல் வரியில் தன் அம்மா பெயரை எழுதி, எதிரே 200 என்று போட்டாள். பக்கத்தில் நின்று கூட்டிக்கொண்டிருந்தவன் சித்தியின் மகன், அப்போது ஏழாம் வகுப்பு. நான் ஐநூறு ரூபாயை நீட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எந்த லைன்னு போடட்டும் டீச்சர்?" என்று கேட்டாள்.